தவறான விடையின் தர்க்கம்

(அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் கல்வி அலுவலர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, அனுபவம் மிக்க ஆசிரியர்கள் இடம்பிடித்துவிட்டீர்கள். இரு சாராருக்கும் பொதுவாக முதலில் ஒரு கணக்கைப் பலகையில் எழுதிவிடுகிறேன். 52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக் குழந்தை 35 என்று எழுதியிருக்கிறது. சிரிக்கிறீர்கள். இந்த 35-ஐப் பார்க்காத தொடக்கப் பள்ளி ஆசிரியர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 25 என்று திருத்தம், அடுத்த நோட்டு. நாற்பது நோட்டு அடுக்கியிருக்கும்போது வேறென்ன செய்ய?

அதே குழந்தைக்கு இன்னும் இரண்டு கணக்கு கொடுத்துப் பாருங்கள். 74-லிருந்து 28, 61-லிருந்து 34. விடை 54, 33 என்று வரும். கவனக்குறைவு என்றால் ஒரு கணக்கில் இப்படியும் இன்னொன்றில் அப்படியும் தப்பு விழும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கம் கழிக்கப்பட்டிருக்கிறது, மேலே இருப்பது எது கீழே இருப்பது எது என்ற கவலையே இல்லாமல். குழந்தை ஒரு விதியை வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. “ஏம்மா இப்படிப் போட்டே?” என்று கேட்டால், “சின்னதுல இருந்து பெருசு போகாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க” என்று பதில் வரும். சொன்னோம்தான். ‘2-ல 7 போகாது, பக்கத்துல கடன் வாங்கு’ என்று சொன்னோம். அதில் முதல் பாதி குழந்தைக்குப் பிடிபட்டது. இரண்டாவது பாதி பிடிபடவில்லை. ‘போகாது’ என்ற தடையை எப்படியாவது தாண்ட வேண்டுமே, 7-லிருந்து 2 போகும் என்பது தெரியும், போட்டுவிட்டது.

1978-இல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் இந்த மாதிரிக் கழித்தல் தவறுகளை ஆராய்ந்து எழுதினார்கள். கணினி நிரலில் பிழை தேடுவது போலவே தேடினார்கள். பல தவறுகளுக்குப் பின்னால் ஒரு நிலையான வழிமுறை இருந்தது. வழிமுறை தவறு, ஆனால் அதைப் பின்பற்றுவதில் குழந்தை தவறவில்லை.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு கட்டமைப்புவாதம். பி.எட். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகப் படித்து, எழுதி, மறந்த விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். கொள்கை சுருக்கமானதுதான். நாம் சொல்வதைக் குழந்தை சொன்னபடியே வாங்கிக்கொள்வதில்லை. தனக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு சேர்த்து, தனக்குப் பொருள்படும் விதத்தில் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. அந்த 35 அப்படிக் கட்டிக்கொண்டது. சரியான விடையில் குழந்தை கட்டியது எது, நாம் சொன்னதன் எதிரொலி எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. தவறான விடையில் நன்றாகத் தெரியும். யாரும் சொல்லித்தராத ஒன்று அங்கே இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

இந்தக் கொள்கையின் பிறப்பே தவறான விடையில்தான். சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரத்தில் பிறந்த ஜான் பியாஜே, 1920 வாக்கில் பாரிஸில் ஒரு வேலையில் சேர்ந்தார். அறிவுத் தேர்வுக்குப் பெயர்போன பினேயின் கூட்டாளி சீமோன், ஆங்கிலத்தில் இருந்த சில பகுத்தறிதல் வினாக்களைப் பாரிஸ் குழந்தைகளுக்கு ஏற்றபடி தரப்படுத்தச் சொன்னார். எத்தனை பேர் சரி, எத்தனை பேர் தவறு என்று எண்ணுகிற சலிப்பான வேலை. பியாஜேவுக்குச் சரியான விடைகளில் ஆர்வம் வரவில்லை. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரித் தவறுவதும், வயது ஏறினால் தவறின் சாயலே மாறுவதும் அவர் கண்ணில் பட்டது. குழந்தைகளை உட்காரவைத்து, ‘ஏன், எப்படி’ என்று பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தார். அடுத்த அறுபது ஆண்டுக்கால ஆய்வு அந்தப் பேச்சிலிருந்து கிளம்பியது. பியாஜே சொன்ன வளர்ச்சிப் பருவங்களை நாம் மனப்பாடம் செய்தோம், அந்தப் பேச்சுக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

பியாஜே பிறந்த அதே 1896-இல் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர் வைகாட்ஸ்கி. காசநோயில் 38 வயதுகூட நிரம்பாமல் போய்ச் சேர்ந்தார். குழந்தை தனியாகச் செய்யக்கூடியது ஒன்று, தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் செய்யக்கூடியது இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் கற்பித்தலுக்கு வேலை என்றார். 1976-இல் வுட், ப்ரூனர், ராஸ் மூவரும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 30 பேருக்கு 21 மரத்துண்டுகளைக் கோத்துப் பிரமிடு கட்டச் சொல்லிக்கொடுத்து, அந்த உதவியின் நுணுக்கத்தைக் கவனித்து எழுதினார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போன்ற உதவி என்று அதற்குப் பெயர். சாரம் என்றால் வேலை முடிய முடியப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். நம் ஊரில் பத்தாம் வகுப்பு ‘கைடு’ கல்லூரி வரை கூடவே போகிறது, அது வேறு கதை.

இப்போது நான் கொஞ்சம் தங்கிப் பேச விரும்புகிற இடத்துக்கு வருகிறேன்.

1992-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் பிரூவர் இருவரும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒன்று, மூன்று, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் 60 பேரிடம் பூமியைப் பற்றிப் பேசினார்கள். பூமி என்ன வடிவம் என்று கேட்டால் பெரும்பாலும் ‘உருண்டை’ என்றே பதில் வந்தது. தேர்வாக இருந்தால் அங்கேயே முழு மதிப்பெண். அவர்கள் விடவில்லை. பூமியை வரை, மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டு, ஒரே திசையில் நாள்கணக்கில் நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேருவாய், பூமிக்கு விளிம்பு உண்டா என்று தொடர்ந்து கேட்டார்கள். சில குழந்தைகளின் பூமி தோசை போல வட்டமாக, ஆனால் தட்டையாக இருந்தது. சிலருடையது உள்ளே கூடான உருண்டை, அதற்குள் ஒரு தட்டைத் தரை, அதன்மேல் மனிதர்கள். வேறு சிலருக்கு இரண்டு பூமி: நாம் நிற்கிற தட்டை பூமி ஒன்று, வானத்தில் மிதக்கிற உருண்டை பூமி இன்னொன்று.

அந்தக் குழந்தையின் நிலையில் இருந்து யோசியுங்கள். காலுக்குக் கீழே தரை தட்டை என்று கண் சொல்கிறது. தாங்கல் இல்லாத எதுவும் கீழே விழும் என்று கை சொல்கிறது. பூமி உருண்டை என்று டீச்சர் சொல்கிறார். டீச்சரும் பொய் சொல்ல மாட்டார், கண்ணும் பொய் சொல்லாது. இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி வேண்டும். உள்ளீடற்ற உருண்டைக்குள் தட்டைத் தரை! நம்மில் எத்தனை பேருக்கு அந்தச் சாமர்த்தியம் வரும்?

குழந்தைகள் மட்டும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். 1987-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில் ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பிடித்துக் கேட்டார்கள்: கோடையும் குளிரும் ஏன் வருகின்றன? நிலவு ஏன் தேய்கிறது, வளர்கிறது? மாணவர், பேராசிரியர், பழைய மாணவர் என்று 23 பேர். அவர்களில் 21 பேர் சறுக்கினார்கள். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகும்போது கோடை, தள்ளிப் போகும்போது குளிர் என்பதுதான் பருவங்களுக்கு வந்த வழக்கமான பதில். அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும் என்று ஒரு வயதில் கற்றுக்கொண்டது, பட்டமளிப்பு அங்கிக்குள்ளும் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பாடநூல் படமும் இதற்குத் துணைபோகிறது. பூமியின் கிட்டத்தட்ட வட்டமான பாதையைப் பக்கவாட்டில் இருந்து பார்ப்பது போல நீள்வட்டமாக வரைந்துவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் பூமி ஒரு பக்கம் சூரியனை ஒட்டிப் போவதாகத்தானே தோன்றும்?

இதை நம் வகுப்பில் எப்படி எடுக்கலாம்? ‘பூமியின் அச்சு 23½ பாகை சாய்வு’ என்று பலகையில் எழுதிப்போட்டுத் தொடங்குவது வழக்கம். மாணவர் அதையும் எழுதிக்கொள்வார், உள்ளே இருக்கும் அடுப்புக் கொள்கையையும் வைத்துக்கொள்வார். தேர்வுக்கு ஒன்று, வாழ்க்கைக்கு ஒன்று. அதற்குப் பதிலாக முதலில் அவர்களுடைய விளக்கத்தைக் கேளுங்கள். ‘பக்கத்தில் போகிறது’ என்று ஒருவராவது சொல்வார். மறுக்க வேண்டாம், பலகையில் எழுதிவையுங்கள். பிறகு கேளுங்கள்: டிசம்பர் 26-ஆம் தேதி மெல்போர்னில் டெஸ்ட் மேட்ச் நடக்குமே, டிவியில் பார்த்திருக்கிறீர்களா? மைதானத்தில் ஆட்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்? தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஆட்டக்காரர் மூக்கில் வெள்ளைப் பூச்சு. அதே நாள் காலை ஐந்து மணிக்கு நம் ஊரில் மார்கழிக் குளிர், போர்வையை விட்டு எழ மனம் வராது. பூமி சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டு ஊரும் சேர்ந்துதானே பக்கத்தில் இருக்கும்?

வகுப்பு அப்போது கொஞ்ச நேரம் அமைதியாகும். அவர்களே கட்டிய விளக்கம் அவர்களுக்கே தெரிந்த ஒரு செய்தியோடு மோதுகிறது. இங்கே இன்னொரு செய்தியையும் போடலாம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது அதே மார்கழியில். தொலைவு ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. இதைக் கேட்டதும் ‘அப்படியானா வெயில் எப்படி சார் வருது?’ என்று வகுப்பு கேட்கும். அந்தக் கேள்வி பிறந்த பிறகு சாய்வைச் சொல்லுங்கள். பந்தும் டார்ச்சும் போதும். டார்ச்சை நேராகப் பிடித்தால் சின்ன, பளிச்சென்ற வட்டம். சாய்த்துப் பிடித்தால் அதே வெளிச்சம் பரந்து மங்கும்.

அதோடு நிறுத்தாமல் பள்ளி முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நண்பகல் நிழலை வாரம் ஒரு முறை அளக்கச் சொல்லலாம். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலும், சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் நிழல் குச்சியின் காலடியில் மறையும். ஆகஸ்டு பிற்பாதியில் சென்னையில் மறுபடி மறையும். அப்போது ஒரு கெட்டிக்காரப் பெண் எழுந்து, ‘ஆகஸ்டுலயும் சூரியன் உச்சியிலதான் இருக்கு, அப்ப ஏன் மே மாசம் மாதிரி கொளுத்தல?’ என்று கேட்பாள். மேகமும், பருவமழையும், ஈர நிலமும் அப்போதுதான் பாடத்துக்குள் வருகின்றன. இப்படிப்பட்ட கேள்வியைத் தாங்க ஆசிரியருக்குப் பாடம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ‘இனி ஆசிரியர் வெறும் வழிகாட்டிதான், பாட அறிவு அவ்வளவு தேவையில்லை’ என்று சில பயிற்சிகளில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. சொல்லிவிட்டுப் போகிற ஆசிரியருக்கு ஒரு விளக்கம் தெரிந்தால் போதும். குழந்தையின் விளக்கத்திலிருந்து தொடங்குகிறவருக்குப் பத்து விளக்கம் தெரிய வேண்டும், அதில் ஒன்பது எங்கே தவறுகின்றன என்றும் தெரிய வேண்டும்.

நம் மாநிலத்து அனுபவத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் நடந்துவந்த முறை அதற்கு முன்மாதிரி. 2007-08-இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை பரவியது. கற்றல் ஏணி, அதில் படிப்படியாக முடிக்க வேண்டிய அட்டைகள், சின்னங்கள், கம்பிப் பந்தல், ஆரோக்கியச் சக்கரம், சுவரைச் சுற்றிலும் குழந்தையின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. இந்த அரங்கில் பாதிப் பேர் அந்த வகுப்புகளில் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடம் நடத்தியவர்கள்.

அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது கீழ்மட்டக் கரும்பலகை. பெஞ்சில் இருக்கும் நோட்டில் விடை மட்டும்தான் ஆசிரியர் கைக்கு வரும். பலகையில் குழந்தை எழுதும்போதே பார்க்கலாம். பத்தாம் இடத்தை முதலில் எழுதுகிறதா, ஒன்றாம் இடத்தையா? எங்கே அழிக்கிறது? விரலை எண்ணுகிறதா? நான் சொன்ன தவறான விடையின் தர்க்கம் அந்த உயரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். அட்டைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. ஏணியில் அட்டையை முடித்தால் அடுத்த அட்டை. முடித்தது பதிவாகும், எப்படி முடித்தது என்று கேட்க நேரம் இருக்காது. பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்து முடித்தாலும் ஏணியில் ஏற்றம்தான். குழந்தைகள் பயமில்லாமல் எழுந்து நடமாடினார்கள், ஆசிரியர் தரைக்கு வந்தார், இவை பெரிய காரியங்கள். பியாஜேவின் பேச்சுக் கொடுக்கும் பழக்கம் மட்டும் பதிவேட்டில் எந்தக் கட்டத்திலும் இடம்பெறவில்லை. கட்டம் இல்லாத எதுவும் நம் துறையில் நடக்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

பிறகு படைப்பாற்றல் கல்வி வந்தது, முப்பருவமுறை வந்தது, வளரறி மதிப்பீடு வந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியே கற்றல் வேண்டும் என்று எழுதிவிட்டது. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, அறிவைக் குழந்தையே கட்டிக்கொள்கிறது என்று வெளிப்படையாகவே பேசியது. ஆக, தாளில் நாம் எல்லோரும் கட்டமைப்புவாதிகள். வளரறி மதிப்பீட்டுக்கு வந்த சார்ட்டுகளையும் தெர்மகோல் எரிமலைகளையும் பார்த்தால், கட்டியது குழந்தையா, அப்பாவா, ஸ்டேஷனரி கடைக்காரரா என்ற சந்தேகம் மட்டும் தீராது.

செயல்பாடு இருந்தால் கட்டமைப்புவாதம், விரிவுரை என்றால் அதற்கு எதிரி என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்கிற குழந்தையும் உள்ளே கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. வண்ணத்தாள் வெட்டுகிற குழந்தை எதையும் கட்டாமலும் இருக்கலாம். 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூவர் ஒரு கட்டுரையில் கடுமையாக எழுதினார்கள்: புதிதாகக் கற்கிறவரை வழிகாட்டல் இல்லாமல் ‘நீயே கண்டுபிடி’ என்று விட்டால் மனத்தின் சிறிய நினைவுப் பரப்பு தாங்காது, கற்றல் நடக்காது. இந்த விமர்சனத்தைக் கேட்டுக் கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரும்பகுதி சரியென்றே படுகிறது. பூமியின் சாய்வை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை டார்ச்சை வைத்துத் தானாகக் கண்டுபிடிக்கும் என்று காத்திருந்தால் ஆண்டுத் தேர்வு வந்துவிடும். சொல்லத்தான் வேண்டும். ஷ்வார்ட்ஸ், பிரான்ஸ்ஃபோர்ட் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவும். மாணவர் முதலில் தரவுகளை ஒப்பிட்டுத் திணறிவிட்டு, பிறகு விரிவுரை கேட்டபோது அந்த விரிவுரை நன்றாக ஏறியது. ஆக, விரிவுரையைக் கைவிட வேண்டியதில்லை, மணி அடித்ததும் அதிலிருந்து தொடங்காமல் இருந்தால் போதும்.

‘எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் படிப்புச் சூழல் இல்லை, அவர்களிடம் கேட்டால் என்ன வரும்?’ என்று சிலர் கேட்பதுண்டு. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்பனை செய்யும் ஐந்து குழந்தைகளை, 1985-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, மூன்று ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். வாங்குகிறவர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98.2 விழுக்காடு சரி. அதே எண்களை அதே குழந்தைகளுக்குத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 36.8. ஒரு குழந்தையிடம் தேங்காய் ஒன்று 35, நான்கு எவ்வளவு என்று தெருவில் கேட்டார்கள். மூன்று 105, அதோடு முப்பது சேர்த்தால் 135, இன்னும் ஐந்து, 140. அதே குழந்தை தாளில் 35 பெருக்கல் 4-க்கு எழுதிய விடை 200. நான்கைந்து இருபது, இரண்டை மேலே வை, இரண்டும் மூன்றும் ஐந்து, ஐந்நான்கு இருபது. கூட்டலில் மேலே வைத்ததை முதலில் கூட்டுவோமே, அதைப் பெருக்கலுக்குக் கொண்டுவந்துவிட்டது. தேங்காய் விற்கிறபோது 200 என்று சொல்லியிருந்தால் வாங்குகிறவர் விட்டிருக்க மாட்டார், குழந்தையும் சொல்லியிருக்காது. தாளில் எந்த விடையும் விடைதான் என்று அதற்கு யார் கற்றுக்கொடுத்தது?

நேரமாகிறது. போர்ஷன் முடிய வேண்டும், நாற்பது பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் எப்படிக் கேட்பது என்ற கேள்வி உங்கள் முகத்தில் தெரிகிறது. எல்லோரிடமும் கேட்க வேண்டாம். ஒரே மாதிரித் தவறு பத்து நோட்டில் இருக்கும். அதில் ஒன்றை, பெயர் சொல்லாமல், பலகையில் எழுதி ‘இப்படி ஒருத்தர் போட்டிருக்கார், அவர் என்ன நினைச்சிருப்பார்?’ என்று வகுப்பைக் கேளுங்கள். சரியான விடை சொன்ன பிள்ளையிடமும் எப்படி வந்தது என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ‘எப்படி’ என்ற சொல்லைக் கேட்டதுமே ‘தப்புப் போலிருக்கு’ என்று அழிரப்பரைத் தேடுவார்கள்.

கேட்ட பிறகு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்கள் பேசினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்டார்கள். மூன்று விநாடி வகுப்பில் மிக நீளமானது. நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முன்வரிசையில் இருக்கும் அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பார்வையிட உள்ளே நுழைகிற நேரத்தில் ஆசிரியர் பேசாமல் நின்றுகொண்டிருக்கலாம், பலகையில் ஒரு தப்புக் கணக்கு திருத்தப்படாமல் இருக்கலாம். பார்வைக் குறிப்பில் எதையும் எழுதுவதற்கு முன் பின்பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பாடக்குறிப்பேட்டைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இனி உங்கள் கேள்விகள். அந்த மைக்கைப் பின்வரிசைக்குக் கொடுங்கள்.